ஜனவரியில் பாலைவனப் பூங்காக்கள்: நாட்காட்டியை விட உயரத்தைப் பாருங்கள்

கேள்வி: டல்லாஸில் இருக்கிறோம். ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருக்கிறார்கள், இருவருக்கும் அறுபத்தைந்து தாண்டிவிட்டது. ஜனவரி நடுவில் எட்டு நாள் லீவு கிடைக்கும். லாஸ் வேகஸில் இறங்கி, கார் எடுத்து, டெத் வேலி, சயான், பிரைஸ், கிராண்ட் கேன்யன் என்று சுற்றலாமா? ஆஃப் சீசனில் எல்லாம் மூடிக் கிடக்குமா? பாலைவனம்தானே, பெரிய குளிர் இருக்காது என்கிறார் அப்பா.

பதில்: தாராளமாகப் போகலாம். என்னைக் கேட்டால், வயதானவர்களை அழைத்துக்கொண்டு இந்தப் பக்கம் போக ஜனவரியை விட நல்ல மாதம் கிடைப்பது கஷ்டம். ஆனால் அப்பா சொல்வதில் ஒன்றைத் திருத்த வேண்டும். "பாலைவனம்" என்ற ஒரே பெயருக்குள் நீங்கள் போகும் நான்கு இடங்களும் நான்கு வேறு பருவங்களில் இருக்கும். அதைத் தீர்மானிப்பது உயரம்.

டெத் வேலியில் பேட்வாட்டர் பேசின் என்ற உப்புத் தரை கடல் மட்டத்துக்கு 282 அடி கீழே. சயான் பள்ளத்தாக்கின் தரை ஏறக்குறைய 4,000 அடி. கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பு 7,000 அடி. பிரைஸ் கேன்யன் விளிம்பு 8,000 அடியில் தொடங்கி 9,000 தாண்டிப் போகிறது. அதாவது பிரைஸ், நம் ஊட்டியை விட உயரம். ஜனவரியில் டெத் வேலியில் பகல் வெப்பம் சுமார் 19 டிகிரி செல்சியஸ், மெல்லிய சட்டை போதும். அதே வாரம் சயானில் பகலில் 11, 12 டிகிரி. தெற்கு விளிம்பில் 6. பிரைஸில் பகலிலேயே 3 டிகிரிதான், இரவில் மைனஸ் 9, 10 சர்வசாதாரணம். எல்லாம் ஒரே பயணத்தில், ஒரே பெட்டியில் இருக்கும் துணிகளோடு.

இது புதிய ஞானம் ஒன்றுமில்லை. டெத் வேலியின் பூர்வகுடிகளான டிம்பிஷா ஷோஷோனி மக்கள் குளிர்காலத்தில் பள்ளத்தாக்கில் தங்கி, வெயில் ஏறியதும் மலைக்குப் போனவர்கள். 1880களில் அங்கே போராக்ஸ் (வெண்காரம்) எடுத்த ஹார்மனி ஆலையும் கோடையில் வேலையை நிறுத்திவிடும். வெந்நீரில் கரைத்த போராக்ஸ் ஆறினால்தான் படிகமாகும். கோடையில் அந்தப் பள்ளத்தில் தண்ணீர் ஆறவே ஆறாது. அதனால் கோடை உற்பத்தியைக் கொஞ்சம் மேடான அமர்கோசா பக்கம் மாற்றிக்கொண்டார்கள். அந்தப் பூமியில் பிழைத்தவர்கள் எல்லோருமே மாதத்தோடு உயரத்தையும் சேர்த்துத்தான் கணக்குப் போட்டிருக்கிறார்கள். நீங்களும் அப்படியே போடுங்கள், பயணம் சுகமாக அமையும்.

"ஆஃப் சீசன்" என்பதும் இந்தக் கணக்குப்படியே மாறும். சயான், பிரைஸ், கிராண்ட் கேன்யன் மூன்றுக்கும் குளிர்காலம்தான் கூட்டமில்லாத காலம். டெத் வேலிக்கு நேர்மாறு. அங்கே வெறிச்சோட வேண்டியது கோடைதான் (1913 ஜூலை 10 அன்று 56.7 டிகிரி பதிவான இடம் அது), குளிர்காலமும் வசந்தமும்தான் ஆட்கள் வரும் நேரம். ஆனாலும் புத்தாண்டுக் கூட்டம் கலைந்த பிறகு, ஜனவரி நடுவில் அங்கேயும் நிம்மதியாகவே இருக்கும். ஒன்றை மட்டும் தவிர்க்கப் பாருங்கள்: ஜனவரி மூன்றாம் திங்கள், மார்ட்டின் லூதர் கிங் விடுமுறை. அந்த நீண்ட வார இறுதியில் சுற்று மாநிலக் கார்கள் எல்லாம் வந்து நிற்கும்.

என் யோசனை இது. முதல் இரண்டு இரவு டெத் வேலி, அடுத்த இரண்டு சயான் வாசலில் இருக்கும் ஸ்பிரிங்டேல், ஓர் இரவு பிரைஸ், ஓர் இரவு அரிசோனாவில் இருக்கும் பேஜ் என்ற ஊர், கடைசி இரவு கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பு. தாழ்விலிருந்து மேலே ஏறுவதால் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குளிருக்கும் உயரத்துக்கும் பழகும். நேராக பிரைஸில் போய் இறங்கினால் பெரியவர்களுக்கு நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும்.

வேகஸிலிருந்து பரம்ப் என்ற ஊர் வழியாக டெத் வேலியின் ஃபர்னஸ் கிரீக் பகுதி சுமார் 120 மைல், இரண்டு மணி நேரம். பூங்காவுக்குள் பெட்ரோல் கிடைக்கும், ஆனால் விலை கண்ணைக் கட்டும். பரம்பிலேயே முழுத் தொட்டி நிரப்பிக்கொள்ளுங்கள். உள்ளே தங்கும் விடுதிகளும் விலை அதிகம். பட்ஜெட் முக்கியம் என்றால் வடகிழக்கே நெவாடாவில் இருக்கும் பீட்டி என்ற சின்ன ஊரில் தங்கலாம். செல்போன் சிக்னல் பெரும்பாலும் இருக்காது. வரைபடத்தை வேகஸிலேயே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே அப்பா அம்மாவுக்காக நான் முதலில் சொல்வது பேட்வாட்டர். வண்டி நிறுத்துமிடத்திலிருந்து சமதரையில் நடந்தால் போதும், ஏற்றமே கிடையாது. இறங்கியதும் முதுகுப்புறம் உள்ள செங்குத்துப் பாறையை அண்ணாந்து பாருங்கள். வெகு உயரத்தில் "கடல் மட்டம்" என்று எழுதிய பலகை தெரியும். எதிரே மேற்கில் 11,049 அடி டெலஸ்கோப் சிகரம், ஜனவரியில் தலையில் பனியோடு நிற்கும். காலடியில் உப்பு, கண்ணெதிரே பனி. கோடையில் வருபவர்களுக்கு அந்தச் சிகரம் மொட்டையாகத்தான் தெரியும்.

எல்லோரும் மிதித்து அழுக்காக்கிய முதல் அரை மைலோடு திரும்பிவிடாதீர்கள். அதைத் தாண்டினால்தான் உப்பின் அசல் உருவம் தெரியும். குனிந்து பாருங்கள்: தரை முழுக்க ஐங்கோணமும் அறுகோணமுமாகக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்தின் ஓரத்திலும் விரல் உயரத்துக்கு வரப்பு போல உப்பு எழும்பி நிற்கும். நிலத்தடியில் இருக்கும் உப்புநீர் மேலே ஊறி வரும், நீர் ஆவியாகும், உப்பு மட்டும் விரிசல்களின் ஓரத்தில் படிந்து படிந்து மேடாகும். மழை பெய்தால் பழையது கரைந்து புதிதாக வெள்ளை வெளேரென்று உருவாகும். பெரும்பகுதி நாம் சமையலில் போடும் அதே உப்புதான்.

மழை என்றதும் சிரிக்க வேண்டாம். ஆண்டுக்கு ஏறக்குறைய 5 செ.மீ. மழைதான் இங்கே பெய்யும். 2023 ஆகஸ்ட் 20 அன்று ஹிலரி புயலின் மிச்சம் வந்தபோது, அந்த ஒரு வருட மழை ஒரே நாளில் கொட்டியது. சாலைகள் அடித்துக்கொண்டு போய், பூங்காவையே சுமார் இரண்டு மாதம் மூடிவைத்தார்கள். பேட்வாட்டரில் ஏரி ஒன்று தேங்கி நின்றது. 2024 பிப்ரவரி மழையில் அது மறுபடி நிறைந்து, மக்கள் படகே விட்டார்கள். அதனால் கிளம்பும் வாரம் பூங்காவின் இணையதளத்தில் எந்தச் சாலை திறந்திருக்கிறது என்று கட்டாயம் பாருங்கள். ஒரு வெள்ளத்தில் உடைந்த சாலை வருடக்கணக்கில் மூடியே கிடப்பதும் உண்டு. 2015 அக்டோபர் வெள்ளத்தில் சேதமான ஸ்காட்டிஸ் காஸில் என்ற பழைய மாளிகை அதற்குப் பின் வழக்கம்போலத் திறக்கவே இல்லை.

மாலையில் ஆர்ட்டிஸ்ட்ஸ் டிரைவ் என்ற ஒருவழிப் பாதையில் போங்கள், ஒன்பது மைல்தான். சாய்வெயிலில் பச்சையும் ரோஜா நிறமுமாக மலை தெரியும். மறுநாள் விடியலுக்கு ஜப்ரிஸ்கி பாயின்ட் பார்வைமுனை. டான்டேஸ் வியூ என்ற இன்னொரு பார்வைமுனை 5,475 அடி உயரம். கீழே இருப்பதை விடப் பத்துப் பன்னிரண்டு டிகிரி குறைவாக இருக்கும், காற்று வேறு வெட்டும். அம்மாவுக்குச் சால்வை போதாது, தலையையும் காதையும் மூடும் குல்லா வேண்டும்.

ரேஸ்டிராக் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கட்டாயம் யாராவது ஆசை காட்டுவார்கள். காய்ந்த ஏரிப்படுகை ஒன்றில் கற்கள் தாமாக நகர்ந்து, பின்னால் நீண்ட தடம் விட்டிருக்கும் இடம் அது. பல பத்தாண்டுகளாக யாருக்கும் பிடிபடாத மர்மம். ரிச்சர்ட் நாரிஸ், ஜேம்ஸ் நாரிஸ் என்ற உறவினர்கள் இருவர் ஜிபிஎஸ் பொருத்திய கற்களை அங்கே வைத்துக் காத்திருந்தார்கள். 2013 டிசம்பரில் அவர்கள் கண்ணெதிரிலேயே கற்கள் நகர்ந்தன. மழைநீர் சில அங்குலம் தேங்குகிறது, இரவில் மேலே கண்ணாடி போல மெல்லிய பனித்தகடு உறைகிறது, பகலில் வெயில் பட்டதும் அது பெரிய பெரிய பாளங்களாக உடைகிறது. லேசான காற்று அந்தப் பாளங்களைத் தள்ள, அவை கற்களைத் தள்ளுகின்றன. நிமிடத்துக்குச் சில மீட்டர்தான் வேகம், தூரத்திலிருந்து பார்த்தால் நகர்வதே தெரியாது.

இதிலும் உயரக் கணக்குதான். ரேஸ்டிராக் சுமார் 3,700 அடியில் இருப்பதால் அங்கே தண்ணீர் உறைகிறது. அதே பூங்காவில் பேட்வாட்டரில் தேங்கும் தண்ணீர் தண்ணீராகவே இருக்கிறது. படிக்கச் சுவையான விஷயம், ஆனால் நீங்கள் போக வேண்டாம். கடைசி 27 மைல் கரடுமுரடான கல் சாலை, சாதாரண டயர் கிழிந்துவிடும். வாடகைக் கார் ஒப்பந்தங்களும் பொதுவாக இப்படிப்பட்ட சாலையில் ஓட்ட அனுமதிப்பதில்லை.

மூன்றாம் நாள்தான் இந்தப் பயணத்தில் நீண்ட ஓட்டம். வேகஸ் வழியாகவே திரும்பி ஸ்பிரிங்டேல் போக ஐந்து மணி நேரம் ஆகும். யூட்டா மலை நேரத்தில் இருப்பதால் கடிகாரத்திலும் ஒரு மணி நேரம் போய்விடும். காலையிலேயே கிளம்பி, வேகஸில் மதியச் சாப்பாடு முடித்து, இந்தியக் கடையில் தயிரும் அரிசியும் காய்கறியும் வாங்கிவிடுங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். இனி வரும் ஊர்களில் குளிர்காலத்தில் பாதி உணவகம் மூடியிருக்கும். திறந்திருப்பதும் எட்டு மணிக்கே விளக்கை அணைத்துவிடும். சைவம் சாப்பிடுபவர்களுக்கு பீட்சாவும் உருளைக்கிழங்கு வறுவலும்தான் கதி. ஒரு சின்ன எலக்ட்ரிக் குக்கர், புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, ஊறுகாய் இருந்தால் அம்மா நிம்மதியாக இருப்பார். சமையலறையுள்ள அறையாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள், ஆஃப் சீசனில் விலை இறங்கியிருக்கும்.

சயானில் ஜனவரிக்கென்றே ஒரு சலுகை இருக்கிறது. மார்ச்சிலிருந்து நவம்பர் வரையும் கிறிஸ்துமஸ் வாரத்திலும் பள்ளத்தாக்குச் சாலையில் பூங்காவின் பேருந்து மட்டுமே ஓடும், நம் காரை விடமாட்டார்கள். கிறிஸ்துமஸ் வாரம் முடிந்து பேருந்து நின்றதும், சொந்தக் காரிலேயே கடைசி நிறுத்தம் வரை போகலாம். முட்டிவலி உள்ள ஒருவரை வரிசையில் நிற்க வைத்து, ஏற்றி இறக்கி அழைத்துப் போவதற்கும், நினைத்த இடத்தில் காரை நிறுத்தி, ஹீட்டர் சூட்டில் உட்கார்ந்தபடியே பாறையைப் பார்ப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்! வண்டி நிறுத்துமிடம் நிரம்பினால் சாலையைச் சிறிது நேரம் மூடுவார்கள், ஆனால் வாரநாள் காலையில் பெரும்பாலும் அந்தப் பிரச்சினை வராது.

பள்ளத்தாக்கு குறுகலாக, ஆழமாக இருப்பதால் காலையில் தரைக்கு வெயில் வரத் தாமதமாகும். அவசரப்படாமல் டிபன் முடித்துவிட்டுக் கிளம்புங்கள். பாரஸ் பாதையும் ரிவர்சைட் வாக்கும் பெரியவர்களுக்கு ஏற்றவை. நிழலில் உறைந்து கிடக்கும் இடங்களில் மட்டும் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். எமரால்ட் பூல்ஸ் பக்கம் பாறை விளிம்பிலிருந்து பனி ஈட்டிகள் தொங்கும், வெயில் ஏறினால் அறுந்து விழும். அந்தப் பாதை மூடியிருந்தால் ரேஞ்சரிடம் வாதாட வேண்டாம், காரணம் அதுதான். ஏஞ்சல்ஸ் லேண்டிங் ஏற வேண்டுமானால் 2022 ஏப்ரலிலிருந்து வருடம் முழுவதும் பெர்மிட் தேவை. ஆனால் சங்கிலியைப் பிடித்து ஏறும் அந்த முகட்டில் பனிக்கட்டி இருக்கும்போது ஏறுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

சயானிலிருந்து பிரைஸ் சுமார் 85 மைல். 1930இல் திறந்த 1.1 மைல் சுரங்கப்பாதை வழியாக ஏறுவீர்கள். மணற்பாறை நாடு முடிந்து பைன் காடு வரும், சாலையோரம் பனி குவிந்திருக்கும். கார் எடுக்கும்போதே நான்கு சக்கரமும் இயங்கும் வண்டியாகக் கேளுங்கள், டயரில் பனிக்குரிய குறியீடு இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிடுங்கள். குளிரில் டயரின் காற்றழுத்தம் குறையும். அதனால் பிரைஸில் காலையில் வண்டியை எடுத்ததும் எச்சரிக்கை விளக்கு எரியலாம். பதறாமல் அழுத்தத்தை அளந்து, தேவையானால் காற்றடித்துக்கொள்ளுங்கள். சூரியன் சாய்ந்த பிறகு ஓட்டவே வேண்டாம். பகலில் உருகிய நீர் மாலையில் சாலையோடு சாலையாகக் கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டியாகிவிடும், மான்களும் அந்த நேரத்தில்தான் குறுக்கே வரும். அங்கே ஜனவரி நடுவில் ஐந்தரை வாக்கில் சூரியன் மறைந்துவிடும்.

பிரைஸ்தான் இந்தப் பயணத்தின் உச்சம் என்பேன். ஹூடூ எனப்படும் அந்தச் செம்மஞ்சள் கல்தூண்களின் உச்சியில் எல்லாம் பனி உட்கார்ந்திருக்கும். அதற்கு மேல் கருநீல வானம். சன்ரைஸ் பாயின்ட், சன்செட் பாயின்ட் இரண்டுக்கும் இடையில் விளிம்போரமாக அரை மைல்தான், ஓரளவு சமதளம். ஷூவுக்கு மேல் ரப்பர் பட்டையோடு மாட்டும் மைக்ரோஸ்பைக்ஸ் நாலு ஜோடி வாங்கிவிடுங்கள். அது இருந்தால் அப்பாவும் அம்மாவும் தைரியமாக நடப்பார்கள்.

அந்தத் தூண்களைச் செதுக்குவதே குளிர்காலம்தான் என்பதை அப்பாவிடம் சொல்லுங்கள். சுண்ணாம்புப் பாறையின் விரிசல்களில் பகலில் பனி உருகி நீர் இறங்கும். இரவில் அது உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரியும், விரிசல் கொஞ்சம் அகலும். மறுநாள் உருகி, இன்னும் ஆழமாக இறங்கி, மறுபடி உறையும். இந்த உயரத்தில் ஆண்டின் ஏறக்குறைய பாதி நாட்களில் இது நடக்கிறது. அதனால்தான் இவ்வளவு தூண்கள் இங்கே. காலை வெயில் பட்டதும் விளிம்புக்குக் கீழே பொடிக்கற்கள் உதிர்வதைக் கவனித்தால் பார்க்கலாம். நவாஹோ வளையப் பாதையில் வால் ஸ்ட்ரீட் என்ற குறுகிய பகுதியைக் குளிர்காலத்தில் மூடிவைப்பதும் இப்படிக் கல் விழுவதால்தான். பனி கொட்டினால் ரெயின்போ பாயின்ட் வரை போகும் சாலையை உள்ளே மூன்றாவது மைலில் அடைத்துவிடுவார்கள். கவலை வேண்டாம், முக்கியமான பார்வைமுனைகள் எல்லாம் அதற்கு முன்பே வந்துவிடும்.

அமாவாசையை ஒட்டித் தேதி அமைந்தால் பிரைஸில் இரவு வானத்தை விடாதீர்கள். பத்து நிமிடம் வெளியே நின்றால் போதும். கார்த்திகையின் ஆறு மீன்களை அம்மா தானாகவே அடையாளம் காட்டுவார்.

பிரைஸிலிருந்து பேஜ் போகும்போது ஒரு கண்ணி இருக்கிறது. போன் வரைபடம் காட்டன்வுட் கேன்யன் சாலை என்று குறுக்கு வழி காட்டலாம். அது மண் சாலை. அங்குள்ள களிமண் ஈரமானால் சோப்பு போல வழுக்கும், நான்கு சக்கர வண்டியும் சிக்கிக்கொள்ளும். நேரம் அதிகமானாலும் கானாப் வழியாக 89ஆம் நெடுஞ்சாலையிலேயே போங்கள். பேஜில் ஹார்ஸ்ஷூ பெண்ட் என்ற ஆற்று வளைவைப் பாருங்கள். ஆன்டிலோப் கேன்யன் என்ற குறுகிய பாறைப் பிளவு நவாஹோ மக்களின் நிலம், அவர்களின் வழிகாட்டியோடுதான் போக முடியும், தேசியப் பூங்கா பாஸ் அங்கே செல்லாது. படங்களில் பார்க்கும், மேலிருந்து விழும் அந்த ஒளிக்கற்றை குளிர்காலத்தில் கிடைக்காது, அதற்குச் சூரியன் உச்சியில் இருக்க வேண்டும். கற்றைக்காகவே போவதாக இருந்தால் விட்டுவிடலாம்.

கிராண்ட் கேன்யனில் வடக்கு விளிம்பு குளிர்காலத்தில் மூடியிருக்கும், உங்களுக்குத் தெற்குதான். கேமரன் வழியாக டெசர்ட் வியூ வாசலில் நுழைந்தால் வழியெல்லாம் பார்வைமுனைகள். முதலிலேயே வருவது மேரி கோல்ட்டர் வடிவமைத்த 1932ஆம் ஆண்டுக் கல் கோபுரம். மற்ற மாதங்களில் பேருந்து மட்டும் ஓடும் ஹெர்மிட் சாலையிலும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை சொந்தக் காரில் போகலாம். மறுநாள் வேகஸ் திரும்ப 280 மைல். இம்முறை ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும், ராத்திரி விமானத்துக்குச் சரியாக இருக்கும்.

யூட்டாவின் ஆர்ச்சஸ் பூங்காவையும் சேர்க்கலாமே என்பார்கள். ஜனவரி ஆர்ச்சஸ் அருமை, ஆனால் இந்த எட்டு நாளில் வேண்டாம். பிரைஸிலிருந்து அதன் வாசலில் இருக்கும் மோவாப் ஊருக்குப் போக, 12ஆம் சாலையில் 9,600 அடி மலையைத் தாண்ட வேண்டும். இல்லாவிட்டால் ஐ-70 நெடுஞ்சாலையில் நூறு மைலுக்கு மேல் பெட்ரோல் பங்கே இல்லாத வெட்டவெளி. பெரியவர்களோடு அது அலைச்சல்.

கட்டணம்: அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு ஆண்டு பாஸ் 80 டாலர். 2026 ஜனவரியிலிருந்து வெளிநாட்டவருக்கு விதி மாறிவிட்டது. அவர்களுக்கான ஆண்டு பாஸ் 250 டாலர். பாஸ் இல்லாத வெளிநாட்டவரிடம் சயான், பிரைஸ், கிராண்ட் கேன்யன் உட்பட 11 பூங்காக்களில் தலைக்கு 100 டாலர் கூடுதலாக வாங்குகிறார்கள். அப்பா அம்மா விசிட்டர் விசாவில் வந்திருப்பதால் பூங்காக்களின் தளத்தில் கட்டணப் பக்கத்தை முன்னாலேயே படித்து, உங்கள் அடையாள அட்டையையும் அவர்கள் பாஸ்போர்ட்டையும் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, அறை பதிவு. பிரைஸ் இரவை மட்டும் கட்டாயம் ரத்து செய்யக்கூடிய அறையாகப் போடுங்கள். ஸ்பிரிங்டேலில் இருக்கும்போதே வானிலையைப் பாருங்கள். புயல் வருகிறதென்றால் அங்கேயே மூன்றாவது இரவும் தங்கிவிட்டு, சாலையைச் சுத்தம் செய்த பிறகு, பகலில் மட்டும் பிரைஸ் போய் வாருங்கள். அதுவும் முடியாத அளவுக்குப் பனி என்றால் ஸ்பிரிங்டேலிலிருந்து கானாப் வழியாக நேரே பேஜ் போய்விடலாம், சுமார் இரண்டரை மணி நேரம். அந்தச் சாலை பிரைஸ் அளவுக்கு உயரம் ஏறாது.